ஒன்றுமே நடக்காத படத்தில் மூன்று பிணங்கள்

தாய்லாந்துப் படம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சண்டைப்பட நடிகர் டோனி ஜாவின் முழங்கால்தான். அவருடைய ‘ஓங்-பாக்’ வெளியான அதே 2003-ல், அதே நாட்டிலிருந்து வேறொரு படமும் வந்தது. அதில் அடிதடிக்கு வேலையே இல்லை. பென்-ஏக் ரத்தனருவாங் இயக்கிய ‘லாஸ்ட் லைஃப் இன் த யுனிவர்ஸ்’ என்ற அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அன்று முதல் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். “படம் நகரவே மாட்டேங்குது, ஒண்ணுமே நடக்கல” என்பது ஒரு கட்சி. “இதுக்கு மேல ஒரு காதல் படம் வேணுமா?” என்பது மற்றது. நடுவில் நிற்பவர்களைப் பார்ப்பது அரிது.

முதல் கட்சியின் குற்றச்சாட்டையே எடுத்துக்கொள்வோம். படத்தின் முதல் பகுதியில் என்ன நடக்கிறது என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். பாங்காக்கில் ஜப்பான் ஃபவுண்டேஷன் நூலகத்தில் வேலை பார்க்கும் கெஞ்சி என்ற இளைஞன் உயிரை விடத் துடிக்கிறான். ஒவ்வொரு முறையும் யாராவது குறுக்கே வந்து கெடுத்துவிடுகிறார்கள். யாகூசா குற்றக் கும்பலில் இருக்கும் அவனுடைய அண்ணன் ஜப்பானிலிருந்து வந்து இறங்குகிறான். அந்த அண்ணனைக் கூட்டாளி ஒருவனே கெஞ்சியின் வீட்டுக்குள் சுட்டுக் கொல்கிறான். அந்தக் கூட்டாளியைக் கெஞ்சி கொல்கிறான். பிறகு ஒரு பாலத்தின் மேல் அவன் நிற்பதைப் பார்த்துத் திகைத்து நிற்கும் நித் என்ற பெண், அவன் கண்ணெதிரே கார் மோதிச் சாகிறாள். அவளுடைய அக்காவின் பெயர் நோய். அந்த நோய்தான் கதாநாயகி. மூன்று பிணம் விழுந்த பிறகும் படத்தின் பெயர்கூடத் திரையில் வந்திருக்காது. அதற்கே ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிறது!

இத்தனையையும் பார்த்துவிட்டுத்தான் “ஒண்ணுமே நடக்கல” என்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் சொல்ல வருவது வேறு. நமக்குப் பழக்கமான படத்தில் ஒரு கொலை நடந்தால் அதற்கு வாரிசுகள் உண்டு: போலீஸ் வரும், துரத்தல் வரும், பழிவாங்கல் வரும், குறைந்தபட்சம் ஓர் அழுகை வரும். இங்கே கொலை நடந்ததும் கெஞ்சி பிணங்களோடு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறான். பின்னணி இசை ஓங்கி ஒலித்து நம் தோளைப் பிடித்து உலுக்குவதில்லை. கேமரா ஓடிப்போய் முகத்தைக் காட்டுவதில்லை. அடுத்த பெரிய காரியம் என்று பார்த்தால், ஒருத்தி வீட்டில் நாள்கணக்காகக் கழுவாமல் கிடக்கும் எச்சில் தட்டுகளை அவன் கழுவுவதுதான். கொலைக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் படம் ஒரே தராசைப் பிடிக்கிறது. சிலருக்கு எரிச்சல் வருவதும் சிலர் கிறங்கிப்போவதும் இதே இடத்தில்தான். படம் இரண்டு மணி நேரம்கூட ஓடாது. நம்மூர்ப் படங்களோடு ஒப்பிட்டால் குட்டிப் படம். ஆகவே தகராறு நீளத்தைப் பற்றியதே அல்ல.

கெஞ்சியும் நோயும் எந்தத் தரகர் கண்ணிலும் ஜோடியாகப் பட மாட்டார்கள். அவன் வீட்டில் புத்தகங்கள் அடுக்கடுக்காக, ஒரு விரற்கடை பிசகாமல் நிற்கும். சட்டைகள் வரிசை மாறாது. அவள் வீடு பாங்காக்குக்கு வெளியே, உள்ளே நுழைந்தால் கால் வைக்க இடமில்லாத குப்பைக்காடு. அவன் பேசவே யோசிப்பான். அவள் புகைத்துக்கொண்டே கத்துவாள். திங்கட்கிழமை அவள் ஒசாகாவுக்குப் போகிறாள், அதற்காக ஒலிநாடா போட்டு ஜப்பானிய மொழி படிக்கிறாள். அவனுக்குத் தாய்லாந்து மொழி அரைகுறை. இருவரும் தாய், ஜப்பானியம், ஆங்கிலம் மூன்றையும் கலந்து கட்டி ஒப்பேற்றுகிறார்கள். பிணங்கள் கிடக்கும் வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் அவன் அவள் வீட்டில் தங்கக் கேட்பதும், தங்கையைப் பறிகொடுத்த வீட்டில் தனியாக இருக்க முடியாத அவள் சம்மதிப்பதும் கதையின் அச்சு.

“அவங்க எப்பங்க காதலிச்சாங்க?” என்ற கேள்வி அடுத்து வரும். நியாயமான கேள்வி. காதலைச் சொல்லும் காட்சி என்று விரல் வைத்துக் காட்ட எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் வீடு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் காட்சியைச் சொல்வேன். போதையில் நோய் சோபாவில் சாய்ந்து கிடக்க, இறைந்து கிடந்த காகிதங்களும் புத்தகங்களும் காற்றில் எழும்பி, சுழன்று, தாமாகவே அதனதன் இடத்துக்குப் போய்ச் சேருகின்றன. இந்த ஒரு காட்சிக்காகப் படத்தைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, ‘இதென்ன மாயாஜாலம்’ என்று இதோடு எழுந்து போனவர்களும் உண்டு. அவனுடைய ஒழுங்கு அவளுடைய குப்பைக்குள் அவள் அறியாமல் நுழைந்துவிட்டது என்பதை இயக்குநர் வசனத்தில் சொல்லியிருந்தால் பத்து வினாடி போதும். சொல்லாமல் விட்டதால்தான் நம்மிடம் தங்குகிறது.

ஒளிப்பதிவு கிறிஸ்டோபர் டாயல். வோங் கார்-வாயின் ஹாங்காங் படங்களில் சிவப்பும் பச்சையும் வழிய வழிய எடுத்தவர், இங்கே வண்ணங்களை வடித்துவிட்டு வைத்திருக்கிறார். கதையை இயக்குநரோடு சேர்ந்து எழுதியவர் பிரப்தா யூன், 2002-ல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்ற சிறுகதைக்காரர். படத்தில் வரும் குழந்தைகள் புத்தகம் ஒன்றில் எழுத்தாளரின் கைவண்ணம் தெரியும்: உலகில் மிஞ்சிய கடைசிப் பல்லி தன் சொந்தபந்தத்தை மட்டுமல்ல, தன்னைச் சீண்டிய எதிரிகளையும் எண்ணி ஏங்குகிறது. (பல்லி சொன்னால் பலன் பார்க்கிற நமக்கு இந்தப் பல்லி கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.) அக்கா தங்கையாக நடித்த சினித்தா, லைலா பூன்யசாக் இருவரும் நிஜத்திலும் சகோதரிகள்.

சோபியா கப்போலாவின் ‘லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்’ படத்தோடு இதை ஒப்பிடாதவர்கள் குறைவு. அந்நிய நகரம், உறக்கம் வராத இருவர், கைகூடாத நெருக்கம். இரண்டும் 2003 வெனிஸ் விழாவில் ஒரே பிரிவில் திரையிடப்பட்டன. அந்தப் பிரிவின் சிறந்த நடிகை பரிசு ஸ்கார்லெட் ஜோஹான்சனுக்கு, சிறந்த நடிகர் பரிசு கெஞ்சியாக நடித்த தடனோபு அசானோவுக்கு. ஒரு படம் உலகம் முழுக்கப் போனது, மற்றது விழா ரசிகர்களின் சொத்தாக நின்றுவிட்டது. டோக்கியோவில் நடக்கும் கப்போலாவின் படத்தில் ஜப்பானியர்கள் பெரும்பாலும் வேடிக்கைப் பொருளாக வருகிறார்கள் என்ற புகார் உண்டு. பாங்காக் படத்தில் அந்நியனும் உள்ளூர்க்காரியும் ஒருவருக்கொருவர் சரிசமமாக விநோதமானவர்கள். எனக்கு இது நேர்மையானதாகப் படுகிறது.

“ஜப்பான்காரன் என்றால் சுத்தம், தாய்லாந்துக்காரி என்றால் குப்பை, இது வார்ப்புரு இல்லையா?” என்று கேட்பவர்களும் உண்டு. பாதி ஒத்துக்கொள்வேன். ஆனால் கெஞ்சி சட்டையைக் கழற்றும்போது அவன் முதுகு முழுக்க யாகூசாக்களின் பச்சை தெரிகிறதே, அந்த நொடியில் வார்ப்புரு உடைகிறது. கை நடுங்காமல் ஒருவனைக் கொல்ல ஒரு நூலகருக்கு எப்படி முடிந்தது என்பதும் விளங்குகிறது. அவனுடைய ஒழுங்கு சுபாவத்தில் வந்தது அல்ல, எதையோ துடைத்துத் துடைத்து வந்த ஒழுங்கு. இதைக் கவனிக்காமல் பார்த்தவர்கள் வேறொரு படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு இடறுவது கடைசிப் பகுதி. ஜப்பானிலிருந்து வரும் யாகூசாக் கும்பலின் தலைவனாக இயக்குநர் தக்காஷி மீக்கே நடித்திருக்கிறார். அவர் அசானோவை வைத்து எடுத்த ‘இச்சி த கில்லர்’ படத்தின் சுவரொட்டி நூலகத்தில் தொங்குகிறது. சினிமாக்காரர்கள் தங்களுக்குள் கண்ணடித்துக்கொள்கிறார்கள். நமக்கு அதில் பங்கில்லை. அந்த வீட்டில் இருவர் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றும் நேரத்தில், துப்பாக்கிக்காரர்களைக் காட்டிக் கதையை முடிக்க வேண்டிய அவசியம் என்ன?

அந்த முடிவைப் பற்றியும் சண்டை ஓயவில்லை. கடவுச்சீட்டை எடுக்க வீடு திரும்பும் கெஞ்சி தப்பித்து ஒசாகாவில் அவளிடம் போய்ச் சேர்ந்தானா, போலீசிடம் மாட்டினானா? படம் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ‘சேர்ந்துவிட்டார்கள்’ என்பவர்களுக்கு அவன் முகத்தில் வரும் சிரிப்பு சாட்சி. அதே சிரிப்பைத்தான் ‘மாட்டிக்கொண்டு கற்பனை செய்கிறான்’ என்பவர்களும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். நான் இரண்டாவது கட்சி. படத்தின் தொடக்கமே அவன் தன் மரணத்தைக் கற்பனை செய்து பார்ப்பதுதான். சாவைக் கற்பனை செய்துகொண்டிருந்தவன் கடைசியில் ஒருத்தியோடு வாழ்வதைக் கற்பனை செய்கிறான் என்றால், அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்கு அத்தனை முக்கியமில்லை. சேர்ந்துவிட்டார்கள் என்று நம்புகிறவர்களிடம் இதைச் சொன்னால் கோபப்படுகிறார்கள், அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

இந்த இயக்குநருக்கு வேகமே தெரியாது என்று முடிவு கட்டியவர்கள் அவருடைய 1999-ஆம் ஆண்டுப் படமான ‘சிக்ஸ்டிநைன்’ பார்க்கலாம். 1997 பொருளாதாரச் சரிவில் வேலை போன ஒரு பெண்ணின் வீட்டுக் கதவில் 6 என்ற எண் ஆணி தளர்ந்து 9 ஆகத் தொங்க, வாசலில் நூடுல்ஸ் பெட்டி நிறையப் பணம் வந்து இறங்குகிறது. அங்கே பிணங்கள் இன்னும் அதிகம், படம் நகரவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2023-ல் அதையே அவர் நெட்ஃபிளிக்ஸில் தொடராகவும் எடுத்தார். அதைப் பார்த்துவிட்டு மறுபடி கெஞ்சியிடம் வருகிறவர்களும் சிலர் இருக்கிறார்கள்.