எத்தனை பெட்டி இழுக்கும்? மாதிரி ரயில் வாங்குவோருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

முதுகுளத்தூருக்கு ரயில் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் பரமக்குடிக்கோ ராமநாதபுரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை வீட்டுக்குள் ஒரு ரயில் கேட்பது இயல்புதான். பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் பேட்டரி போட்டால் வட்டமடிக்கும் சிறு வண்டிகளே கிடைக்கும். உலோகத் தண்டவாளம், மின்சாரத்தில் ஓடும் இன்ஜின், அளவு குறைத்து நுணுக்கமாகச் செய்த பெட்டிகள் என்று நிஜமான மாதிரி ரயில் வேண்டுமானால் ஆன்லைனில் வாங்க வேண்டும். இல்லையென்றால் வளைகுடாவில் வேலை பார்க்கும் சித்தப்பா கொண்டுவர வேண்டும். எப்படி வந்தாலும், கையில் தொட்டுப் பார்க்காமலேயே ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துவிடுகிறோம்.

ஏமாற்றம் பெரும்பாலும் இழுவையில்தான் வரும். விளம்பரப் படத்தில் இன்ஜினுக்குப் பின்னால் பன்னிரண்டு பெட்டிகள் போகும். வீட்டுக்கு வந்த இன்ஜினோ ஆறாவது பெட்டியை மாட்டியதும் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். ‘பொம்மைதானே’ என்று பலர் அதை அலமாரியில் தூக்கி வைத்துவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. இழுவிசை என்பது வீட்டிலேயே அளந்து பார்க்கக்கூடியது. அளக்கக்கூடிய ஒன்றைச் சொல்லி விற்றவர், சட்டத்தின் முன் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

முதலில் இழுவை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வோம். அட்டையில் ‘வாப்-7’ என்று எழுதியிருந்தால் அது உருவத்தைத்தான் சொல்கிறது. அந்த நிஜ இன்ஜினின் 6,000 குதிரைத்திறனுக்கும் பெட்டிக்குள் இருக்கும் மோட்டாருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் நிஜ இன்ஜின்கள் ஒரு பாடம் சொல்லித்தருகின்றன. நம் ரயில்வேயின் பயணிகள் இன்ஜினான வாப்-7, சரக்கு இன்ஜினான வாக்-9 இரண்டும் ஏறக்குறைய 123 டன் எடை. மோட்டார் அமைப்பும் ஒன்றே. ஆனால் முன்னது சுமார் 322 கிலோநியூட்டன் விசையோடு இழுக்க, பின்னது சுமார் 458 கிலோநியூட்டன் விசையோடு இழுக்கிறது. பல்சக்கர விகிதத்தில் உள்ள வேறுபாடுதான் காரணம். வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கியிருக்கிறார்கள். அதனால், ‘அதிவேகம்’ என்று பெருமை பேசும் மாதிரி இன்ஜினிடம் நீண்ட சரக்கு வண்டியை எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்தது எடை. உலோகச் சக்கரம் உலோகத் தண்டவாளத்தைப் பற்றும் பிடிமானம், தோராயமாக அந்தச் சக்கரங்கள் தாங்கும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 400 கிராம் இன்ஜினில் எல்லா அச்சுகளையும் மோட்டார் சுழற்றினால், 80 கிராம் அளவுக்கு இழுக்கும். 100 கிராம் எடையுள்ள பெட்டி ஒன்று, சமதளத்தில் 3 கிராம் அளவுக்கு எதிர்ப்புத் தரும் என்று வைத்துக்கொண்டால், 26 பெட்டிகள் வரை போகலாம். ஆனால் பாம்பன் பாலத்தைப் பார்த்துவந்த பிள்ளை தன் தண்டவாளத்திலும் ஒரு பாலம் கேட்பானே! பாலத்துக்கு ஏற்றம் வேண்டும். 40 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. உயரம் என்ற ஏற்றத்தில், இன்ஜின் தன்னையே மேலே தள்ள 10 கிராம் போய்விடும். ஒவ்வொரு பெட்டிக்கும் இன்னும் இரண்டரை கிராம் கூடும். 26 பெட்டி என்ற கணக்கு அங்கே 12 ஆகிவிடும். அந்த இன்ஜினில் பாதி அச்சுகள் மட்டுமே மோட்டாரால் சுழலும் என்றால் ஐந்து பெட்டிகளோடு சரி. வளைவு இருந்தால் இன்னும் குறையும்.

ஆகவே பணம் கட்டும் முன் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: இன்ஜினின் எடை எவ்வளவு, எத்தனை அச்சுகள் சுழலும், பல்சக்கரம் உலோகமா பிளாஸ்டிக்கா, சக்கரத்தில் ரப்பர் வளையம் உண்டா, சமதளத்தில் எத்தனை பெட்டி, ஏற்றத்தில் எத்தனை பெட்டி. ரப்பர் வளையம் பிடிமானத்தைக் கூட்டும். ஆனால் தேய்ந்துபோகும், மாற்று வளையம் கிடைக்குமா என்பதும் முக்கியம். தொலைபேசியில் சொன்ன பதில் பின்னால் உதவாது. செய்தியாக வந்த பதிலும், விளம்பரப் பக்கத்தின் படமும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பிறகு அளக்கலாம். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் சுருள்வில் தராசை இன்ஜினின் கொக்கியில் மாட்டிச் சில நொடிகள் ஓட்டினால் போதும். ஒரு நியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிராம். நெடுநேரம் பிடித்து நிறுத்தாதீர்கள், மோட்டார் சூடாகிக் கருகிவிடும்.

இழுவையைவிடப் பெரிய விஷயம் பிள்ளையின் உயிர். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோர் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரத்தில் ஓடுபவற்றுக்கு ஐ.எஸ். 15644, மற்றவற்றுக்கு ஐ.எஸ். 9873 என்ற தரநிலைகள் பொருந்தும். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். பெரிய கடைகளும் இதற்கு விலக்கல்ல: முத்திரையில்லாத பொம்மைகள் 18,600-ஐ நாட்டின் பெயர்பெற்ற கடைகள் சிலவற்றிலிருந்து பறிமுதல் செய்ததாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. சேகரிப்பாளர்களுக்கான இன்ஜின்களில் ‘14 வயதுக்கு மேல்’ என்று அச்சிட்டிருக்கும். அது சும்மா போட்ட வரி இல்லை. உடையக்கூடிய சிறு உறுப்புகள் கொண்ட அந்தப் பொருளைச் சிறு குழந்தையிடம் கொடுக்கவே கூடாது.

தண்டவாளத்துக்குப் போகும் 12 வோல்ட் பயமில்லை. சுவரில் செருகும் அடாப்டர்தான் பயம். மலிவான அடாப்டர் உள்ளே பழுதானால் 230 வோல்ட் தண்டவாளத்துக்கே வந்துவிடலாம். அதில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ரிமோட்டில் உள்ள பட்டன் பேட்டரியின் மூடி திருகாணியால் பூட்டியிருக்க வேண்டும். குழந்தை அந்தப் பேட்டரியை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். இரண்டு மணி நேரத்திலேயே அது உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும்.

சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி வாங்கவோ பணத்தைத் தரவோ ஆன்லைன் விற்பனையாளர் மறுக்க முடியாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற அச்சு வரி, குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. நிறுவனம் மழுப்பினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

அதிலும் தீரவில்லையென்றால் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் தில்லியில் இருந்தாலும் நீங்கள் தில்லிக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியாகவும் புகார் தரலாம். பழுதைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தை முதலில் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும். பழுதான பொருளால் குழந்தைக்குக் காயம் பட்டிருந்தால், விலையோடு நிற்காமல் இழப்பீடும் கேட்கலாம்; தயாரித்தவர், விற்றவர் இருவர் மீதும் இந்தப் பொறுப்பைச் சுமத்தச் சட்டம் இடம் தருகிறது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கையில் கொண்டுவந்த இன்ஜினுக்கு இந்தப் பாதுகாப்பு நடைமுறையில் மெலிந்துவிடும். விற்ற கடை கடல் கடந்து இருக்கும். பில் பெரும்பாலும் வந்திருக்காது. அங்கேயே ஓட்டிப் பார்த்து, பில்லோடும் உத்தரவாத அட்டையோடும் வாங்கி வரச் சொல்லுங்கள்.

ஆணையத்துக்குப் போக, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். வழவழப்பான தாளில் வரும் பில்லின் எழுத்து அதற்குள் வெளிறிவிடும். வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, உரிம எண் உள்ள அட்டைப் பெட்டியோடு சேர்த்து வையுங்கள்.