சேஷாசலத்தின் ஆணும் பெண்ணும்

திருத்தணியைச் சூழ்ந்த கிராமங்களில் பிறந்தவர்களுக்கு ஆண்பனை எது, பெண்பனை எது என்று எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நுங்கு தருவது பெண், விரல் விரலாக நீண்ட கதிர்களை விட்டு உதிர்த்துவிடுவது ஆண் என்பதைப் பிள்ளைப் பிராயத்திலேயே அறிந்துகொள்கிறார்கள். அவ்வூருக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில், திருமலையைத் தன்னகத்தே கொண்ட சேஷாசல மலைச்சரிவுகளில், பனையைப் போலவே ஆண் வேறு பெண் வேறாக வளரும் ஒரு சிறு மரம் உண்டு. சைகஸ் பெடோமி என்னும் அம்மரம், பூக்கும் தாவரங்கள் பூமியில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே தழைத்திருந்த ஒரு வம்சத்தின் வழிவந்தது. சென்னை மாகாணத்தின் வனத்துறையை நிர்வகித்த ரிச்சர்ட் ஹென்றி பெடோம் (1830–1911) என்பவரின் பெயரை அதற்குச் சூட்டி, 1883-இல் தாவர நூலார் அதனை உலகுக்கு அறிமுகம் செய்தனர்.

இவ்வினத்தில் பூவும் இல்லை, கனியும் இல்லை. சூல்கள் சூற்பைக்குள் மூடப்படாமல் வெளிப்படையாகவே இருப்பதால் இவற்றை மூடா வித்துத் தாவரங்கள் என்பர். இமயமலையின் ஜூனிப்பர் புதர்களும் இவ்வகுப்பினவே. ஜூனிப்பரில் ஆண் கூம்பு சில மில்லிமீட்டர் அளவே வளர்ந்து, மஞ்சள் நிற மகரந்தத்தைக் காற்றில் தூவிவிட்டு உதிர்ந்துபோகும். பெண் கூம்பின் செதில்களோ சதைப்பற்றுடன் ஒன்றாகக் கூடி, நீலம் பூத்த உருண்டைகளாகி, முதிர்வதற்கு ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருக்கும்.

சைகஸில் இந்த வேற்றுமை இன்னும் துலக்கமானது. கூம்பு விடாத பருவத்தில் இலையைப் பார்த்தோ தண்டைப் பார்த்தோ ஆண் பெண் பேதத்தை உறுதிசெய்ய இயலாது. பருவம் வந்ததும் ஆண் மரத்தின் உச்சியில், இலைகளின் நடுவே, ஒற்றைக் கூம்பு நிமிர்ந்து எழுகிறது. அதன் செதில் ஒன்றைப் பெயர்த்துக் கவிழ்த்துப் பார்த்தால், அடிப்பக்கம் முழுவதும் நுண்ணிய மகரந்தப் பைகள் நெருங்கிப் படிந்திருப்பதைக் காணலாம். பெண் மரத்திலோ இறுகிய கூம்பு என்று சொல்லத்தக்கது எதுவும் உண்டாவதில்லை; பழுப்பு நிற மென்ரோமம் போர்த்த சூலிலைகள் பல உச்சியில் வட்டமாகச் செறிந்து நிற்க, ஒவ்வொன்றின் காம்பு ஓரத்திலும் சூல்கள் வெளிப்படையாக அமர்ந்திருக்கின்றன. சூட்சுமமான மற்றொரு வேற்றுமையும் உண்டு: ஆணில் கூம்போடு அந்த நுனியின் வளர்ச்சி முடிந்துவிடுவதால், பக்கத்தே தோன்றும் வேறொரு மொட்டிலிருந்தே தண்டு மேலே செல்கிறது, பெண்ணிலோ சூலிலை வட்டத்தின் நடுவிலிருந்தே புதிய இலைகள் எழுந்து, அதே நுனி தொடர்ந்து வளர்கிறது. நர்சரிகளில் சைகஸ் என்றே விற்கப்படும் ஜப்பானிய இனத்தைத் தோட்டத்தில் வளர்ப்பவர்கள் இவையனைத்தையும் வீட்டு வாசலிலேயே நிதானமாகக் காணலாம். அந்த இனத்தின் ஆண் அணுக்கள் நீந்திச் சென்று சூலை அடைகின்றன என்பதை 1896-இல் இக்கேனோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி கண்டறிந்து, தாவர நூலாரை வியப்பில் ஆழ்த்தினார்.

இந்தப் பேதத்தை அறிவது வெறும் கல்விக்காக மட்டுமன்று. நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்ற பெயரில் விற்கப்படும் சரக்கு, சைகஸ் இனங்களின் ஆண் கூம்பே. மகரந்தம் உதிரும் முன்னரே கூம்பை அறுத்தெடுத்தால், வெட்டுண்ட மரம் பட்டுப்போவதில்லை என்பதால் தீங்கொன்றும் நேரவில்லை என்று தோன்றும். ஆயினும் சுற்றிலுமுள்ள பெண் மரங்கள் அவ்வாண்டு மகரந்தமின்றி நிற்கும். மகரந்தம் எட்டாத சூலும் பருத்து வித்தைப்போல் தோற்றமளிப்பதுண்டு என்பதால், அதன் வெறுமை பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதுமில்லை. முளைக்காதபோதுதான் உண்மை தெரியும். மெதுவாக வளரும் மரத்துக்கு இந்நஷ்டத்தை ஈடுசெய்வது எளிதன்று. அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை, சைகஸ் பெடோமியைத் தன் மிகக் கண்டிப்பான முதல் அட்டவணையில் சேர்த்திருப்பதும் இம்மரத்தின் அரிய நிலையைக் கருதியே.

ஆகவே மலையேறும் யாத்திரிகர்கள் இம்மரத்தைக் கண்டால், ஆணா பெண்ணா என்று அறிந்து மகிழட்டும்; கூம்பை மட்டும் தொடாதிருக்கட்டும். மருந்து வாங்குவோரும் இச்சரக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்பார்களாயின், அறுக்கும் கை சற்றே தயங்கும். பெண் மரங்களின் சூல்களுக்கும் மகரந்தம் வந்து சேரும்.