தூக்காதீர்கள், தலையைப் பிடியுங்கள்

தென்னையிலிருந்து ஒருவர் விழுந்தால் தோப்பில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஓடிவருகிற நாலு பேரில் ஒருவர் அக்குளில் கை கொடுப்பார், இன்னொருவர் காலைப் பிடிப்பார், மற்றொருவர் சொம்புத் தண்ணீரோடு நிற்பார். ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கி உட்கார வைப்பார்கள். தலை துவண்டு மார்பில் சரியும். எல்லாமே பதைபதைப்பிலும் பாசத்திலும் செய்வதுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில், பிழைத்து நடந்திருக்க வேண்டியவர் கால் செயலிழந்தவராகிவிடக் கூடும்.

முதுகெலும்பு என்பது 33 முள்ளெலும்புகளின் வரிசை. அவற்றின் நடுவே ஓடும் குழாயில் தண்டுவடம் இறங்குகிறது. சுண்டுவிரல் கனம், ஏறக்குறைய 45 செ.மீ. நீளம். கை அசைவதும் கால் நடப்பதும் சிறுநீரை அடக்குவதும் இதன் வழியாகத்தான். எலும்பு உடைந்தாலும் வடம் தப்பியிருக்கலாம். அப்போது தலையை ஒருமுறை திருப்பினாலே உடைந்த துண்டு நகர்ந்து வடத்தை நசுக்கிவிட வாய்ப்புண்டு. நசுங்கிய தண்டுவடம் தோலைப் போலவோ எலும்பைப் போலவோ மறுபடி வளர்ந்து கூடுவதில்லை.

தண்டுவடத்தில் அடி எந்த உயரத்தில் என்பதுதான் மீதி வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கைகள் தப்பின. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்; பிறகு மறுவாழ்வு மருத்துவத்துக்கே தனித்துறை அமைத்தார். ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனுக்கோ 1975-ல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டது கழுத்தில். கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்தது. கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகள்தாம் உதரவிதானத்தை இயக்குகின்றன. அதற்கும் மேலே வடம் அறுபட்டால் தானாக மூச்சுவிட முடியாது. சில விரற்கடை தூரத்தில் இத்தனை வேறுபாடு. அந்தச் சில விரற்கடையைக் காப்பதுதான் முதலில் ஓடிவருகிறவரின் வேலை.

மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தவர், வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டவர், ஆழமில்லாத கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்தவர், இவர்கள் எல்லோருக்கும் முதுகுத்தண்டில் அடி என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். வயதானவர் என்றால் குளியலறையில் வழுக்கி விழுந்ததே போதும். கழுத்தோ முதுகோ வலிக்கிறது, கால் மரத்துவிட்டது, விரல் சுருசுருவென்கிறது, தெரியாமல் சிறுநீர் போய்விட்டது என்றால் சந்தேகம் வலுக்கிறது. மயங்கிக் கிடப்பவரும் மது அருந்தியிருப்பவரும் வலியைச் சரியாகச் சொல்ல முடியாது. சொல்லாததால் அடியில்லை என்று ஆகிவிடாது.

முதலில் 108. கூடவே ஒருவர் விழுந்தவரின் தலைமாட்டில் மண்டியிட்டு, முழங்கைகளைத் தரையில் ஊன்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் தலையைப் பக்கவாட்டில் தாங்க வேண்டும். காதை மூடிவிடக் கூடாது, நாம் பேசுவது அவருக்குக் கேட்க வேண்டும். கோணிக் கிடக்கும் கழுத்தை இழுத்து நேராக்க வேண்டாம். கிடக்கிற நிலையிலேயே பிடித்தால் போதும். “அண்ணே, தலையை ஆட்டாதீங்க. நான் பிடிச்சிருக்கேன். வண்டி வந்துட்டு இருக்கு.” இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் கை கடுக்கும். சுற்றி நிற்பவர்கள், “இன்னும் ஏன்யா தூக்காம வெச்சிருக்கீங்க” என்று சத்தம் போடுவார்கள். கையை எடுக்காதீர்கள். வெறுமனே பிடித்துக்கொண்டிருப்பதுதான் அங்கே மிகப் பெரிய வைத்தியம்.

கழுத்துப் பட்டையை நாமே மாட்ட வேண்டாம். முதலுதவி செய்பவர்கள் அதைப் போடுவதைத் தவிர்க்கலாம் என்று 2015-லேயே சர்வதேச வழிகாட்டுதல் வந்துவிட்டது. தண்ணீரும் சோடாவும் வேண்டாம், புரையேறும். உடல் சில்லிடாமல் ஒரு போர்வை போர்த்தலாம். ஹெல்மெட் போட்டிருந்தால் கண்ணாடியை மட்டும் மேலே தூக்குங்கள். மூச்சுக்குத் தடையாக இருந்தால் மட்டுமே அதைக் கழற்ற வேண்டும். அதற்கும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் தாங்க, மற்றவர் ஹெல்மெட்டை விரித்து மெல்ல உருவ வேண்டும்.

எல்லாவற்றையும்விட மூச்சு முக்கியம். மூச்சு நின்றிருந்தால் தண்டுவடத்தை நினைத்துத் தயங்காமல் மார்பை அழுத்தத் தொடங்குங்கள். வாந்தி வந்தால் தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே கட்டையாகப் புரள வேண்டும். நாலைந்து பேர் வேண்டிய வேலை இது. தலையைப் பிடித்திருப்பவர் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து புரட்ட வேண்டும். ஆள் இல்லையென்றால் தனியாகவாவது புரட்டித்தான் ஆக வேண்டும், மூச்சுக்குழாய் அடைபடக் கூடாது. தீயோ, பாய்ந்து வரும் வாகனமோ இருந்தால்தான் இடம் மாற்ற வேண்டும், அதுவும் உடம்பு முறுக்காமல் நீளவாட்டில் இழுத்து.

‘போலீஸ் கேஸ்’ என்று பயந்து ஒதுங்குபவர்கள் இன்றும் உண்டு. சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு 2019 திருத்தத்திலிருந்து பாதுகாப்புத் தருகிறது.

108 வண்டி வந்ததும் ஊழியர் சொல்லும்வரை தலையை விடாதீர்கள். விழுந்தது எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்திலிருந்து, நீங்கள் வந்தபோது கால்விரல் அசைந்ததா, இப்போதும் அசைகிறதா என்று அவரிடம் சொல்லுங்கள்.