பணம் கொடுத்தால் மென்பொருள் நமதாகிவிடுமா?

2024 ஜனவரியின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் விற்ற சில புதிய ஆப்பிள் கைக்கடிகாரங்களில் ஒரு விநோதம் இருந்தது. ரத்த ஆக்சிஜனை அளக்கும் சென்சார் அடிப்பக்கத்தில் அப்படியே இருக்க, அதை இயக்கும் மென்பொருளை மட்டும் நிறுவனம் முடக்கி விற்றது. மாசிமோ என்ற மருத்துவக் கருவி நிறுவனம் தொடுத்த காப்புரிமை வழக்கில், அந்நாட்டின் சர்வதேச வணிக ஆணையம் 2023 அக்டோபரில் இறக்குமதித் தடை விதித்ததன் விளைவு அது. மற்ற நாடுகளில் அதே கடிகாரம் முழு வசதியோடு விற்றது, ஏனென்றால் காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. கணக்கிடும் வேலையை ஐபோனுக்கு மாற்றி, 2025 ஆகஸ்டில்தான் வசதியைத் திருப்பித் தந்தார்கள்.

மென்பொருள் உரிமைச் சண்டை வந்தால் வாதாட ஆப்பிளிடம் வக்கீல் படை உண்டு. நம்மூர் நர்சிங் ஹோமிடம் இல்லை. பில், ஓ.பி. சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாம் ஒரே இடத்தில் வரும்படி வெளியாள் ஒருவரிடம் சாஃப்ட்வேர் எழுதி வாங்குகிறார்கள். பணம் கொடுத்தாயிற்று, இனி நம்முடையது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தின் கண்ணில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு (நிரல் எழுதுகிறவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்). சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தம். வெளியாள் எழுதிக் கொடுத்தது, மாற்றி எழுதிக்கொள்ளாத வரை, அவருக்கே சொந்தம். உரிமையை மாற்றக் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. அந்த ஆவணத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். ஆறாவது ஆண்டு அவர் வந்து நின்றால், நிர்வாகத்திடம் காட்ட ஒன்றும் இருக்காது.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்குள் சிலவற்றை எழுதி வாங்கிவிட வேண்டும்: மூலநிரல் யார் கையில், நோயாளிப் பதிவுகளை எந்த வடிவத்தில் வெளியே எடுக்கலாம், ஒப்பந்தம் முறிந்தால் எத்தனை நாளில் ஒப்படைப்பார். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு, அதிகம் பேசப்படாத வழி ஒன்று உண்டு. முறைப்படி நிரலை வைத்திருப்பவர் அதை வேறொரு நிரலோடு இணைக்கத் தேவைப்படும் தகவல் எளிதாகக் கிடைக்காதபோது, அதைப் பெறுவதற்கு அவசியமான வேலைகளைச் செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது 52-ஆம் பிரிவு. விற்பவர் இதைச் சொல்லித் தரமாட்டார். இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்குத் திறமூல மென்பொருள் இருக்கிறது. சத்தீஸ்கரின் கனியாரியில் ஏழைகளுக்காக நடக்கும் ஜன ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனைக்காக உருவான 'பஹ்ம்னி' அப்படிப்பட்டது.

புதிதாக ஒன்றை உருவாக்குகிறவர்களின் கதை வேறு. நம் காப்புரிமைச் சட்டம் வெறும் கணினி நிரலுக்கும் அல்காரிதத்துக்கும் காப்புரிமை தராது. நோயறியும் முறைக்கும் சிகிச்சை முறைக்கும் தராது. எனக்கு இது நல்ல வேலி என்றே படுகிறது. ஒரு மருத்துவர் நாடி பார்க்கும் முறைக்கு இன்னொருவர் கட்டணம் கேட்கக் கூடாது. ஆனால் கருவியோடு சேர்ந்து புதிய தொழில்நுட்ப விளைவைத் தரும் நிரலுக்கு வாய்ப்பு உண்டு. பலர் கோட்டை விடுவது வேறிடத்தில்: விண்ணப்பிக்கும் முன்பே யூடியூப்பிலும் பேட்டியிலும் எல்லாவற்றையும் காட்டிவிடுவார்கள், புதுமை என்ற தகுதி அங்கேயே போய்விடும். முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்தால் முழு விவரம் தர 12 மாத அவகாசம் கிடைக்கும். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய்தான். சென்னையில் காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது.

இனி நோயாளி. உங்கள் சர்க்கரை அளவு எந்த நிறுவனத்தின் கண்டுபிடிப்பும் அல்ல. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2016 மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகள், தகவல் நோயாளிக்குச் சொந்தம், மருத்துவமனை அதை அவர் சார்பில் பாதுகாத்து வைத்திருக்கிறது என்கின்றன. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள். "சிஸ்டத்துல எடுக்க முடியாதுங்க" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. மறுத்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம்.

இந்த 72 மணி நேர விதி மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும், சர்க்கரை அளவைப் பார்க்கக் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரின் ஆப் நிறுவனத்தை அல்ல. அதற்கு 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தகவலைக் கேட்கவும் திருத்தவும் அழிக்கவும் அது தரும் உரிமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவரை, சென்சார் வாங்கும்போதே அளவுகளை ஃபைலாக எடுத்து டாக்டருக்கு அனுப்பும் வசதி ஆப்பில் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் திறந்து காட்டச் சொல்லுங்கள்.