மின்னூல் வாசிப்புத் தரவுகள்: அளவீட்டு முறைகளும் பொருள்கோளும்

ஆய்வுச் சுருக்கம்

மின்னூலை எடுத்தவர் எங்கு வாசிப்பை நிறுத்தினார் என்னும் தரவு, பதிப்புத் துறையின் முடிவுகளுக்கு அடிப்படையாகி வருகின்றது. ஒரே நூல் குறித்து இருவேறு அளவீடுகள் முரண்பட்ட விடைகளைத் தருவதை முன்வைத்து, இத்தரவுகள் எதனை அளக்கின்றன, யாரிடம் உள்ளன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: மின்னூல், வாசிப்புத் தரவு, நிறைவு விகிதம், வாசகர் இசைவு, கிண்டில், கோபோ.

முன்னுரை

அச்சு நூல் விற்பனையான பின்னர் அது வாசிக்கப்பட்டதா என்பதை அறியும் வழி பதிப்பாளருக்கு இருந்ததில்லை. இதழ்களில் தொடர்கதை எழுதியோருக்கு வாசகர் கடிதங்கள் வந்தன. நேரடியாக நூல் எழுதியோருக்கு மதிப்புரையும் மறுபதிப்புமே சான்றுகளாயின. கடிதம் எழுதுபவர் பெரும்பாலும் ஆர்வத்துடன் தொடர்ந்து வாசித்தவர். மூன்றாம் இயலில் நூலை மூடி வைத்தவர் அதனை ஆசிரியருக்குத் தெரிவிப்பதில்லை. மின்னூல் இவ்விரண்டாம் வகை வாசகரையும் பதிவு செய்கின்றது என்பதே அதன் புதுமை.

தரவு உருவாகும் முறை

வாசகர் தம் கைப்பேசியில் விட்ட இடத்திலிருந்து வீட்டிலுள்ள வாசிப்புக் கருவியில் தொடர வேண்டுமாயின், அவ்விடம் நிறுவனத்தின் வழங்கியில் பதிவாக வேண்டும். அடிக்கோடிட்ட பகுதிகளும் குறிப்புகளும் அவ்வாறே பதிவாகின்றன. ஆகவே வசதிக்கென அமைந்த ஏற்பாடே கண்காணிப்புக்கும் வாயிலாகின்றது. அங்குப் பதிவாவது திரையில் தோன்றிய இடமும் நேரமும் மட்டுமே. ஒரு பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றவர் அப்பத்தியைச் சிந்தித்தாரா, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கச் சென்றாரா என்பதைக் கருவி அறியாது. பனுவலின் இடைவெளிகளை வாசகர் நிரப்புகின்றார் என்னும் வோல்ஃப்காங் ஈசரின் கோட்பாட்டை நோக்க, இலக்கிய ஆய்வு தேடும் செயல் நிகழும் இடத்திலேயே இத்தரவு வெறுமையாக உள்ளது.

ஒரு நாவல், இரு விடைகள்

டோனா டார்ட்டின் ‘தி கோல்ட்ஃபிஞ்ச்’ 2013இல் வெளிவந்து, 2014இல் புலிட்சர் பரிசு பெற்ற பெருநாவல். 2014 ஜூலையில் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோர்டன் எல்லன்பெர்க் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழில் ‘ஹாக்கிங் குறியீடு’ என்னும் அளவீட்டை முன்வைத்தார். பலர் வாங்கி, சிலரே முடித்ததாகப் பேசப்படும் ஸ்டீபன் ஹாக்கிங்கின் ‘காலம்: ஒரு வரலாற்றுச் சுருக்கம்’ நூலால் அப்பெயர் அமைந்தது. கிண்டிலில் மிகப் பலர் அடிக்கோடிட்ட ஐந்து பகுதிகளின் பக்க எண்களுக்குச் சராசரி கண்டு, நூலின் மொத்தப் பக்கங்களால் வகுப்பது இதன் முறை. வாசகர் இறுதிவரை சென்றிருந்தால் அடிக்கோடுகள் நூல் முழுவதும் பரவியிருக்கும் என்பது இதன் அடிப்படை. இக்கணக்கின்படி தாமஸ் பிக்கெட்டியின் மூலதனம் பற்றிய நூல் 2.4 விழுக்காடும், ஹாக்கிங்கின் நூல் 6.6 விழுக்காடும், ‘தி கோல்ட்ஃபிஞ்ச்’ 98.5 விழுக்காடும் பெற்றன.

அதே ஆண்டின் இறுதியில் கோபோ நிறுவனம் தன் வாசிப்புத் தரவுகளை வெளியிட்டது. அதன்படி பிரிட்டனில் ‘தி கோல்ட்ஃபிஞ்ச்’ நாவலை முடித்தவர்கள் 44 விழுக்காட்டினர்.

98.5, 44 ஆகிய இவ்விரு எண்களும் ஒரே நாவலுக்கு உரியவை. இவற்றுள் ஒன்று பிழை எனத் தள்ளுவதைவிட, ஒவ்வொன்றும் எதனை எண்ணியது எனக் காண்பதே பயனுடையது. டார்ட்டின் நாவலில் அதிகம் அடிக்கோடிடப்பட்ட ஐந்து பகுதிகளும் கடைசி 20 பக்கங்களில் உள்ளன. அங்குக் கதை ஒதுங்கி, வாழ்வு பற்றிய சிந்தனை நேரடிக் கூற்றுகளாக வெளிப்படுகின்றது. மேற்கோளாக எடுக்கத்தக்க தொடர்கள் நூலில் எங்குள்ளன என்பதையே ஹாக்கிங் குறியீடு இங்குக் காட்டியது. எத்தனை பேர் அங்கு வந்து சேர்ந்தனர் என்பதைக் காட்டவில்லை. எல்லன்பெர்க் தம் கணக்கினை அறிவியல் முறையன்று, வேடிக்கைக்கானது என்றே குறித்திருந்தார். எனினும் அந்த எச்சரிக்கை உதிர்ந்து, எண் மட்டும் தனியே பரவியது.

கோபோவின் எண்ணையும் ஐயமின்றி ஏற்க இயலாது. வாங்கியும் திறக்காதோர், பரிசு பெற்றதால் வாங்கியோர், அடுத்த ஆண்டு தொடர எண்ணியோர் ஆகியோரை வகுக்கும் எண்ணில் சேர்த்தால் விகிதம் குறையும், நீக்கினால் உயரும். அதே பட்டியலில் கேசி கெல்லெஹர் தாமே வெளியிட்ட குற்றப் புதினம் ‘ராட்டன் டு தி கோர்’ 83 விழுக்காடு நிறைவு பெற்றது; சாலமன் நார்த்தப்பின் ‘டுவெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்’ 28 விழுக்காடே பெற்றது. அடிமையாக விற்கப்பட்டவரின் தன்வரலாற்றைத் திரைப்படம் பார்த்த ஆர்வத்தில் வாங்கியவரும், விரும்பும் வகைப் புதினத்தைத் தேடி எடுத்தவரும் ஒரே தராசில் வைக்கத்தக்கவர் அல்லர். திருக்குறள் உரையொன்றில் வேண்டிய அதிகாரத்தை மட்டும் வாசித்து மூடுபவரும் நிறைவு விகிதத்தின் கணக்கில் நூலைக் கைவிட்டவரே ஆவார்.

இசைவுடனும் இசைவின்றியும்

தரவு திரட்டப்படுவதை வாசகர் அறிவாரா என்பது அடுத்த வினா. அடோபி நிறுவனத்தின் ‘டிஜிட்டல் எடிஷன்ஸ் 4’ மென்பொருள், வாசகர் எந்நூலை எப்பக்கம் வரை வாசித்தார் என்பதை மறையாக்கமின்றி நிறுவனத்திற்கு அனுப்பியமை 2014 அக்டோபரில் வெளிப்பட்டது. நூலக மின்னூல்களை வாசிக்கவும் அம்மென்பொருள் பயன்பட்டமையால் அமெரிக்க நூலகச் சங்கம் கவலை தெரிவித்தது. அதன்பின் தரவு மறையாக்கத்துடன் அனுப்பப்பட்டது. அனுப்புவது நிற்கவில்லை, வழியில் பிறர் பார்ப்பது மட்டும் தடுக்கப்பட்டது.

இதற்கு மாறானது லண்டனின் ஜெல்லிபுக்ஸ் நிறுவனத்தின் முறை. வாசகருக்குப் பெரும்பாலும் வெளியீட்டிற்கு முன்னரே நூல் இலவசமாக வழங்கப்படும். இ-பப் கோப்பினுள் இடம்பெறும் சிறு நிரல் வாசிப்பைக் கருவியிலேயே குறித்து வைக்கும். இணைப்பை வாசகரே அழுத்தினால்தான் அது நிறுவனத்தைச் சேரும். 2016இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்ட விவரங்களின்படி, சோதிக்கப்பட்ட நூல்களுள் 5 விழுக்காடே முக்கால் பங்கிற்கு மேற்பட்ட வாசகரால் முடிக்கப்பட்டன. வாசகருள் 90 விழுக்காட்டினர் ஐந்து இயல்களுக்குப் பின் விலகியதை அறிந்த ஓர் ஐரோப்பியப் பதிப்பகம், பெருந்தொகை கொடுத்து வாங்கிய நூலின் விளம்பரச் செலவைக் குறைத்தது. 70 விழுக்காட்டினரை நெருங்கும் அளவில் வாசகர் முடித்த குற்றப் புதினத்திற்கு ஒரு ஜெர்மன் பதிப்பகம் விளம்பரத்தைக் கூட்டியது.

இசைவு பெறுதல் என்னும் அளவில் இம்முறை மேலானது. ஆயினும் விலை கொடுக்காத வாசகர் நூலை எளிதில் கைவிடலாம். நூலினுள் நிரல் இயங்குவதைக் கிண்டில் ஏற்பதில்லை. ஆகவே அக்கருவியில் வாசிப்போர் மாதிரிக்குள் வருவதேயில்லை. ஐந்தாம் இயலில் ஏன் விலகினர் என்பதற்கும் விடையில்லை. அவ்விடையைத் தேடிச் செம்மையாக்குவதற்குப் பதிலாக விளம்பரம் குறைக்கப்பட்டதே இங்குக் கவனிக்கத்தக்கது. தரவு ஆசிரியருக்கு உதவும் என்னும் கூற்று, அது எந்நிலையில் யாரிடம் சேர்கின்றது என்பதைப் பொறுத்தே மெய்யாகும்.

அளவீடு ஊதியமாகும்போது

அமேசானின் ‘கிண்டில் அன்லிமிடெட்’ சந்தாத் திட்டம் 2014 ஜூலையில் தொடங்கியது. முதலில், வாசகர் நூலில் 10 விழுக்காட்டைக் கடந்தால் ஆசிரியருக்கு முழுத்தொகை கிடைத்தது. சிறு நூல்கள் பெருகின. 2015 ஜூலை முதல் வாசிக்கப்பட்ட பக்கங்களுக்கேற்ப ஊதியம் என மாற்றப்பட்டது. உடனே நூல்கள் பருத்தன. வாசகர் எட்டிய மிகத் தொலைவான இடமே கணக்கிடப்பட்டமையால், முதற்பக்கத்தில் ஏதேனும் ஒரு காரணம் காட்டி இறுதிப் பக்கத்திற்கு இணைப்புத் தந்து, இடையிலுள்ளவை அனைத்தையும் வாசித்ததாகக் கணக்கேற்றிய மோசடிகள் நிகழ்ந்தன. ஒரு வாசகர் வழி ஒரு நூலுக்கு 3000 பக்கங்களே கணக்கில் கொள்ளப்படும் என 2016இல் வரம்பு விதிக்கப்பட்டது. வாசிப்பைக் கண்டறிய வந்த அளவீடு எழுத்தின் நீளத்தையும் வடிவத்தையும் இரு முறை மாற்றியுள்ளது.

இத்திட்டம் 2015இல் இந்தியாவிற்கு வந்தது; 2016 இறுதியில் கிண்டில் தமிழ் நூல்களையும் ஏற்றது. தமிழில் நேரடியாக மின்னூல் வெளியிடும் எழுத்தாளர் பலர் இன்று இதன்வழி வருவாய் பெறுகின்றனர். அவர்கள் காணும் அறிக்கை, நூல் ஒன்றுக்கு நாள்தோறும் வாசிக்கப்பட்ட மொத்தப் பக்கங்களைத் தருகின்றது. ஒரு நாளில் 300 பக்கம் எனில், ஒருவர் முழு நாவலை வாசித்தாரா, 30 பேர் பத்துப் பத்துப் பக்கங்களில் விலகினரா என்பதை அதிலிருந்து பிரித்தறிய இயலாது. முன்னதாயின் நூல் வாசகரைக் கண்டடையவில்லை. பின்னதாயின் தொடக்கமே குறையுடையது. இவ்விரண்டுக்கும் ஆசிரியர் செய்ய வேண்டியவை முற்றிலும் வேறானவை. அவ்வேறுபாட்டைக் காட்டும் தரவு நிறுவனத்தின் வழங்கியில் உள்ளது.

இந்நிலையில் தமிழ் வாசிப்பு ஆய்வு நிறுவனங்களின் எண்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இசைவு தந்த ஒரு சிறு வாசகர் குழுவிடம் புதிய நாவலொன்றை இ-பப் வடிவில் அளித்து, ஒவ்வோர் இயலின் முடிவிலும் தொடர்வதற்கோ நிறுத்துவதற்கோ உரிய காரணத்தை ஓரிரு வரிகளில் எழுதச் செய்யலாம். நூலைத் திறவாதோர் எத்தனை பேர் என்பதும் அக்கணக்கில் தனியே குறிக்கப்பட வேண்டும்.