பைண்டு செய்து வைத்த வாரங்கள்

கொஞ்சம் கதை, கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் ஊர் சுற்றல். எல்லாம் ஒரே இதழில் கிடைக்க வேண்டும் என்கிற வாசகருக்காகவே 1947-இல் கலைமகள் காரியாலயம் 'மஞ்சரி'யைத் தொடங்கியது. அமெரிக்காவில் 1922 முதல் வந்துகொண்டிருந்த ரீடர்ஸ் டைஜஸ்ட் போலவே, பல இடங்களில் வெளியான நல்ல கட்டுரைகளைச் சுருக்கியும் மொழிபெயர்த்தும் கையடக்கமாகத் தந்தது. அதன் ஆசிரியராக இருந்த தி.ஜ.ர.வின் தமிழ் தெளிந்த நீரோட்டம்.

வாரப் பத்திரிகைகளின் சுவை வேறு. 1950-இல் 'கல்கி'யில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' மூன்றரை ஆண்டுகள் ஓடியது. தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, நூலால் தைத்து, காலிகோ அட்டை போட்டு வைத்த குடும்பங்கள் ஏராளம். மணியத்தின் ஓவியங்களோடு, பக்க ஓரத்துத் துணுக்குகளும் பழைய விளம்பரங்களும் அதில் அப்படியே இருக்கும். பின்னால் வந்த புத்தகப் பதிப்புகள் பலவற்றில் இந்தச் சுகம் கிடையாது.

பழைய இதழ்களைத் தேடுவோருக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஒரு புதையல். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆசையாகச் சேர்த்தவற்றிலிருந்து எழுந்த நூலகம் அது.

இன்றைய இதழ்களில் எதை வாங்குவது என்று யோசிப்பவர்கள், ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு மாலை உட்கார்ந்து நாலைந்தைப் புரட்டிப் பாருங்கள். பிடித்ததற்குச் சந்தா கட்டுங்கள்.