மணற்குழியும் மழைக்காலமும்

கொல்கத்தாவில் பெய்யும் மழையை அலிப்பூர் வானிலை அலுவலகம் அளந்து வெளியிடுகிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களிலேயே பெய்துவிடும். இம்மழையால் நெல் விளையும், குளம் நிறையும், கோல்ஃப் திடலின் மணற்குழிகளோ குலைந்துபோகும்.

அலிப்பூருக்குத் தெற்கே, டாலிகஞ்சில், ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் உள்ளது. 1829ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இச்சங்கம், பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ஃப் சங்கங்களுள் மிகப் பழமையானது. கோல்ஃப் ஆட்டம் ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில் வளர்ந்தது. காற்றுக்கு அஞ்சிய ஆடுகள் ஒதுங்கிய பள்ளங்களே முதல் மணற்குழிகள் என்பர். அங்கே விழுந்த மழைநீரை மணல் உடனே உறிஞ்சிக்கொள்ளும். கங்கைச் சமவெளியில் அது நடவாது. இங்குள்ள தரை வண்டல் கலந்த களிமண். நீர் எளிதில் இறங்காது. எனவே இத்தகைய தரையில் குழியைத் தோண்டி, அடியில் துளையிட்ட குழாயும் சரளைக்கல்லும் பதித்து, மேலே பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் வரை மணல் பரப்புவர்.

பெருமழை பெய்தால், குழியின் சரிவில் உள்ள மணல் கரைந்து அடியில் சேரும். சரிவில் களிமண் வெளிப்படும். அக்களிமண் மணலோடு கலந்து குழாயை அடைத்துவிட்டால், குழி குட்டையாகிவிடும். அதன்பின் பணியாளர்கள் நீரை இறைத்து, சேற்றை வழித்தெடுத்து, மணலை மண்வெட்டியால் மீண்டும் சரிவில் ஏற்றித் தட்டி இறுக்க வேண்டும். மறுநாளே மழை வந்தால் அவ்வளவு உழைப்பும் வீணாகும். மணலின் வடிவமும் முக்கியம். உருண்டையான மணல் எளிதில் சரியும். கூர்முனை உடைய மணல் ஒன்றையொன்று பற்றி நிற்கும்.

ஆடுபவர்க்கும் கடமை உண்டு. குழியிலிருந்து பந்தை அடித்தவர், தம் காலடித் தடங்களை வாரியால் சமன்செய்துவிட்டு வெளியேற வேண்டும். அவர் மறந்தால், அடுத்தவரின் பந்து அத்தடத்தில் விழக்கூடும். விழுந்த இடத்திலிருந்தே அவர் அடிக்க வேண்டும். பிறர் செய்த பிழைக்கு விதியில் சலுகை இல்லை. தேங்கிய மழைநீருக்கோ சலுகை உண்டு: பந்தைத் தண்டனையின்றி அதே குழிக்குள், இலக்குக்கு நெருங்காத வேறிடத்தில் போடலாம். குழியை விட்டு வெளியே எடுத்துச் சென்றால், ஓர் அடி கூடுதலாகக் கணக்கிடப்படும்.